அடிக்காத முதலாளி: ராபர்ட் ஓவன் கதை

ஒரு சிறிய மரக்கட்டை. நீளம் இரண்டு அங்குலம். அகலம் ஒரு அங்குலம். அதற்கு நான்கு பக்கங்கள். ஒரு பக்கத்தில் கறுப்பு வர்ணம். இன்னொரு பக்கத்தில் நீலம். மற்ற இரண்டு பக்கங்களில் மஞ்சளும் வெள்ளையும்.

ஒரு நூல் ஆலையில் ஒவ்வொரு தொழிலாளியின் பக்கத்திலும் இப்படி ஒரு கட்டை தொங்கியது. அது பேசாது. திட்டாது. அடிக்காது. ஆனாலும் சவுக்கால் ஆகாத காரியத்தை அந்தக் கட்டை செய்து காட்டியது.

அதைத் தொங்கவிட்டவர் ராபர்ட் ஓவன். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு பிரிட்டனில் புகழ் பெற்றிருந்த ஆலை முதலாளி. பத்து வயதில் வீட்டை விட்டு வேலைக்குப் போனவர். பெரும் பணம் சம்பாதித்தவர். அதில் பெரும் பகுதியை இழந்தவர். தொழிலாளியும் மனிதனே என்று வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டே இருந்தவர்.

அவருடைய கதையைப் பார்ப்போம்.

சேணக்காரர் மகன்

பிரிட்டன் தீவின் மேற்குப் பக்கம் இருப்பது வேல்ஸ். மலைகளும் ஆட்டு மந்தைகளும் நிறைந்த நாடு. அங்கே நியூடவுன் என்று ஒரு சிறிய ஊர். 1771-ம் ஆண்டு மே மாதம் 14-ந் தேதி ராபர்ட் ஓவன் அந்த ஊரில் பிறந்தான்.

தகப்பனார் குதிரைகளுக்குச் சேணம் செய்பவர். இரும்புச் சாமான் கடையும் வைத்திருந்தார். ஊர்த் தபால் வேலையையும் அவரே பார்த்துக்கொண்டார். வீட்டில் ஏழு குழந்தைகள். ராபர்ட் ஆறாவது பிள்ளை.

பையன் படிப்பில் கெட்டிக்காரன். எதிலும் முதலாவதாக நிற்க வேண்டும் என்ற ஆசை உள்ளவன். பள்ளிக்கூடத்துக்கும் அவன்தான் முதலில் போய்ச் சேர வேண்டும்.

ஒரு நாள் காலை ஆகாரத்துக்கு வீட்டுக்கு ஓடி வந்தான். கூழ் தயாராக இருந்தது. மேலே ஆறினாற்போல் தெரிந்தது. அவசர அவசரமாக ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டு விழுங்கினான். உள்ளே கூழ் கொதித்துக்கொண்டிருந்தது! வயிறு வெந்துபோயிற்று. பையன் மூர்ச்சையாகி விழுந்தான். செத்துவிட்டான் என்றே பெற்றோர் பயந்துவிட்டார்கள்.

பிழைத்துக்கொண்டான். ஆனால் அன்று முதல் அவனுக்கு ஜீரண சக்தி குறைந்துவிட்டது. எந்த ஆகாரம் ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்று கவனித்துக் கவனித்தே சாப்பிட வேண்டியிருந்தது. எதையும் நிதானமாகக் கவனிக்கும் பழக்கம் தமக்கு அதனால்தான் வந்தது என்று பிற்காலத்தில் அவர் எழுதினார்.

ஏழு வயதிலேயே அவன் எழுதப் படிக்கவும் கணக்குப் போடவும் கற்றுக்கொண்டுவிட்டான். உடனே வாத்தியார் அவனைச் சட்டாம்பிள்ளை ஆக்கிவிட்டார். சின்னப் பிள்ளைகளுக்கு அவன் பாடம் சொல்லிக் கொடுத்தான்.

அண்ணனைத் தோற்கடித்த தம்பி

அந்த நாளில் நடந்த ஒரு சிறு சம்பவம் ஓவன் மனத்தில் கடைசி வரைக்கும் நின்றது.

ராபர்ட்டுக்கு நேர் மூத்தவன் ஓர் அண்ணன். இரண்டு வயது பெரியவன். அண்ணன் எழுத்தைவிடத் தம்பி எழுத்தே நன்றாக இருக்கும் என்று யாரோ பந்தயம் கட்டினார்கள். இரண்டு சிறுவர்களையும் எழுத வைத்தார்கள். பார்த்தவர்கள் தம்பிதான் ஜெயித்தான் என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

பெரியவர்களுக்கு அது ஒரு வேடிக்கை. ஆனால் அண்ணன் முகம் வாடிப்போயிற்று. அதற்குப் பிறகு அண்ணன் தன்னிடம் பழைய பிரியத்தோடு இருக்கவில்லை என்று ராபர்ட் உணர்ந்தான். ஜெயித்தவனுக்கும் அது சந்தோஷம் தரவில்லை. ஒருவனை உயர்த்துவதற்காக இன்னொருவனை மட்டம் தட்டினால் இருவருக்குமே நஷ்டம் என்று அந்த வயதிலேயே அவனுக்குப் பட்டது.

கடைப் பையன்

பத்து வயதில் ராபர்ட் லண்டனுக்குப் பயணமானான். அங்கே அவனுடைய மூத்த அண்ணன் சேணக்கடை வைத்திருந்தார். சில வாரங்களில் ஸ்டாம்போர்டு என்ற ஊரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை கிடைத்தது. சாப்பாடும் இருப்பிடமும் உண்டு. முதல் வருஷம் சம்பளம் கிடையாது. இரண்டாம் வருஷம் 8 பவுன். மூன்றாம் வருஷம் 10 பவுன்.

அந்தக் கடை முதலாளி பெயர் மெக்கபாக். ஆரம்பத்தில் கூடையைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகச் சாமான் விற்றவர். நாணயத்தால் முன்னுக்கு வந்தவர். பெரிய பிரபுக்களின் வீட்டுப் பெண்கள்கூட அவர் கடைக்கு வருவார்கள்.

மெக்கபாக் ராபர்ட்டைத் தம் பிள்ளையைப் போல நடத்தினார். வேலையைப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். துணியைத் தொட்டுப் பார்த்து அதன் தரத்தைச் சொல்லப் பழக்கினார். வீட்டில் இருந்த புத்தகங்களை எல்லாம் அவன் படிக்கலாம் என்று விட்டுவிட்டார். பையன் தினமும் மணிக்கணக்கில் படித்தான்.

பிறகு லண்டனில் ஒரு பெரிய ஜவுளிக்கடை. சம்பளம் வருஷத்துக்கு 25 பவுன். பணம் அதிகம். ஆனால் இங்கே அன்பு இல்லை. கூட்டம் நெரியும் கடை அது. கடைப் பையன்கள் காலையிலேயே எழுந்து தலைக்குப் பவுடர் போட்டு, பின்னல் பின்னி, அலங்காரத்தோடு நிற்க வேண்டும். இரவு பத்தரை மணிக்குத்தான் கதவு அடைப்பார்கள். அதன் பிறகு கலைந்து கிடக்கும் துணிகளை மடித்து அடுக்க வேண்டும். படுக்கப் போகும்போது இரவு இரண்டு மணி ஆகிவிடும். மாடிப்படி ஏறக் கால் வராது. கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் ராபர்ட் ஏறினான்.

ஒரே வேலைதான். ஒரு கடையில் அவன் சந்தோஷமாக உழைத்தான். இன்னொரு கடையில் உடம்பும் மனமும் ஓய்ந்துபோனான். அந்த வித்தியாசத்தை அவன் மறக்கவில்லை.

ஆறு வாரம் வாய் திறக்கவில்லை

அடுத்து மான்செஸ்டர் நகரம். அங்கே ஒரு ஜவுளிக்கடையில் 40 பவுன் சம்பளம். அந்த நேரத்தில் மான்செஸ்டர் முழுவதும் ஒரே பேச்சு, பருத்தி நூற்கும் புதிய இயந்திரங்களைப் பற்றித்தான். ராபர்ட் தன் அண்ணனிடம் 100 பவுன் கடன் வாங்கினான். ஒரு கூட்டாளியோடு சேர்ந்து நூற்பு இயந்திரம் செய்யும் தொழிலில் இறங்கினான். பிறகு தனியாகப் பிரிந்து, மூன்று இயந்திரங்களை வைத்து நூல் நூற்றான்.

அப்போது டிரிங்க்வாட்டர் என்ற பெரிய பணக்காரர் தம் நூல் ஆலைக்கு மானேஜர் தேடினார். ராபர்ட் நேரே போய் நின்றார். வயது இருபது. முகத்தில் பிள்ளைக் களை மாறவில்லை. வாரத்தில் எத்தனை தடவை குடித்து வெறிப்பாய் என்று டிரிங்க்வாட்டர் கேட்டார். வாழ்நாளில் ஒரு தடவைகூடக் குடித்து வெறித்ததில்லை என்று ராபர்ட் பதில் சொன்னார். சம்பளம் என்ன வேண்டும் என்றார். வருஷத்துக்கு 300 பவுன் என்றார் ராபர்ட்.

முதலாளி அசந்துபோனார். அன்று காலை வந்தவர்கள் எல்லோரும் கேட்ட தொகையைக் கூட்டினாலும் அவ்வளவு வராதாம்! ராபர்ட் கணக்குப் புத்தகத்தைக் காட்டினார். மூன்று இயந்திரங்களை வைத்துக்கொண்டு தாம் அவ்வளவு சம்பாதிப்பதை நிரூபித்தார். நாலு இடத்தில் விசாரித்துப் பார்த்துவிட்டு டிரிங்க்வாட்டர் வேலை கொடுத்தார்.

ஆலையில் 500 பேர். ஆணும் பெண்ணும் குழந்தைகளும் இருந்தார்கள். புது மானேஜருக்கு அந்த ஆலையைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர் என்ன செய்தார் தெரியுமா? காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்தார். இரவில் எல்லோருக்கும் பின்னால் போனார். ஒவ்வோர் இயந்திரமாகப் பார்த்தார். ஒவ்வொருவர் வேலையையும் கவனித்தார். ஆறு வாரம் வரை யாருக்கும் நேரடியாக ஓர் உத்தரவும் போடவில்லை.

ஆறு வாரம் கழித்துத்தான் பேச ஆரம்பித்தார். அப்போது அவருக்குத் தெரியாத மூலை அந்த ஆலையில் இல்லை. பிறருடைய வேலையை மதிப்பிடுவதற்கு முன்னால் அந்த வேலை இன்னதென்று அவர் தெரிந்துகொண்டார்.

ஆலையின் நூல் மெல்லியதாகவும் உறுதியாகவும் வர ஆரம்பித்தது. நூல் கட்டுகளின் மேல் ஓவன் பெயரையே அச்சிட்டார்கள். கடைவீதியில் அந்தப் பெயருக்கே தனி விலை கிடைத்தது.

அருவிக் கரை ஆலை

ஸ்காட்லாந்தில் கிளைடு என்று ஒரு நதி ஓடுகிறது. அந்த நதியின் அருவிகளுக்கு அருகே நியூ லானார்க் என்ற ஆலைக் கிராமம் இருந்தது. டேவிட் டேல் என்ற வியாபாரி அதை நிறுவினார். ஆற்று நீரின் வேகத்தில் இயந்திரங்கள் ஓடின.

வியாபார விஷயமாக ஓவன் கிளாஸ்கோ நகரத்துக்குப் போய் வந்தார். அங்கே டேவிட் டேலின் மகள் கரோலினைச் சந்தித்தார். ஒருவர் மனம் ஒருவரிடம் சென்றது. தகப்பனாருக்கு முதலில் சம்மதம் இல்லை. பிறகு இணங்கினார். 1799-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி கல்யாணம் நடந்தது. அதே ஆண்டில் ஓவனும் அவருடைய கூட்டாளிகளும் ஆலையை 60,000 பவுனுக்கு வாங்கினார்கள். இருபது வருஷத் தவணையில் பணம் கொடுப்பதாக ஏற்பாடு. 1800-ம் ஆண்டு ஜனவரியில் ஓவன் நிர்வாகத்தை ஏற்றார்.

கிராமத்தில் சுமார் 2,000 பேர் இருந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 500 பேர் குழந்தைகள். நகரத்து அனாதை விடுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள்கூட உண்டு. டேல் இரக்கம் உள்ளவர். அவர்களுக்கு நல்ல சாப்பாடும் துணியும் கொடுத்தார். ஆனாலும் காலை ஆறு மணி முதல் இரவு ஏழு மணி வரை அந்தப் பிஞ்சுகள் ஆலையில் நிற்க வேண்டியிருந்தது.

பெரியவர்களிடம் குடிப் பழக்கம் இருந்தது. திருட்டும் சண்டையும் இருந்தன. புது முதலாளியை அவர்கள் நம்பவில்லை. வேற்று நாட்டான், நம்மைக் கசக்கிப் பிழிய வந்திருக்கிறான் என்று நினைத்தார்கள்.

ஓவன் யாரையும் கோர்ட்டுக்கு இழுக்கவில்லை. நூல் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும் ஒவ்வோர் இடத்திலும் கணக்கு வைத்தார். எந்த இடத்தில் குறைகிறது என்பது உடனே தெரிந்துவிட்டது. திருடுவதற்கு வழி அடைபட்டது. புதிதாக அனாதைக் குழந்தைகளை வேலைக்கு எடுப்பதை நிறுத்தினார். பத்து வயதுக்கு உட்பட்டவர்கள் ஆலைக்குள் வரக்கூடாது என்றார். நல்ல சாமான்களை மலிவாக விற்கும் கடை ஒன்றைத் திறந்தார்.

இவ்வளவு செய்தும் ஜனங்களின் சந்தேகம் முழுவதும் தீரவில்லை.

நான்கு மாதச் சம்பளம்

ஆண்டுகள் சில சென்றன. அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் தகராறு மூண்டது. அமெரிக்கப் பருத்தி வருவது நின்றுபோயிற்று. பஞ்சு விலை மளமளவென்று ஏறியது. பல ஆலைகள் மூடப்பட்டன. தொழிலாளர்கள் தெருவில் நின்றார்கள்.

ஓவனும் இயந்திரங்களை நிறுத்தினார். ஆனால் ஒருவரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை. இயந்திரங்களைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருங்கள், அது போதும் என்றார். நான்கு மாதம் ஆலை ஓடவில்லை. நான்கு மாதமும் முழுச் சம்பளம் கொடுத்தார்! அதற்கு ஆன செலவு 7,000 பவுனுக்கும் மேல்.

அதன் பிறகு கிராமம் அவர் பக்கம் திரும்பியது. இவர் நம்மை வேலை வாங்க மட்டும் வரவில்லை, நாம் வாழ வேண்டும் என்றும் நினைக்கிறார் என்று ஜனங்கள் கண்டுகொண்டார்கள்.

மௌனக் கங்காணி

இனி அந்த மரக்கட்டைக்கு வருவோம்.

அந்தக் காலத்து ஆலைகளில் வேலை வாங்குவதற்கு மூன்று வழிகள்தான் தெரியும். அடி, அபராதம், வேலை நீக்கம். குழந்தைகளுக்கு வார் அடி விழும். ஓவனுக்கு இது பிடிக்கவில்லை. அதற்காக வேலை எப்படி நடந்தாலும் சரி என்று விட்டுவிடவும் முடியாது. அப்போதுதான் இந்தக் கட்டையை அவர் ஏற்பாடு செய்தார். மௌனக் கங்காணி என்பது அதன் பெயர்.

கறுப்பு என்றால் முந்திய நாள் வேலை மோசம். நீலம் என்றால் சுமார். மஞ்சள் என்றால் நன்று. வெள்ளை என்றால் மிக நன்று. அந்தந்தப் பகுதி மேற்பார்வையாளர் தினமும் கட்டையைத் திருப்பி வைப்பார். எந்த நிறம் முன்னால் தெரிகிறதோ அதுதான் முந்திய நாளுக்கான மதிப்பு. அது ஒரு புத்தகத்திலும் ஏறும். வெள்ளைக்கு 1, மஞ்சளுக்கு 2, நீலத்துக்கு 3, கறுப்புக்கு 4 என்று நாள்தோறும் பதிவு செய்வார்கள்.

ஓவன் ஆலைக்குள் நடந்து வருவார். கறுப்பு தெரிந்தால் கோபிக்க மாட்டார். ஒரு வார்த்தை பேச மாட்டார். அந்த ஆளைப் பார்ப்பார். கட்டையைப் பார்ப்பார். அப்படியே மேலே நடந்து போய்விடுவார். அவ்வளவுதான். அந்த ஒரு பார்வையே போதுமானதாக இருந்தது என்று அவர் எழுதியிருக்கிறார்.

ஆரம்பத்தில் ஆலையில் எங்கே பார்த்தாலும் கறுப்பு. மெள்ள மெள்ளக் கறுப்பு குறைந்து நீலம் பெருகியது. பிறகு நீலம் குறைந்து மஞ்சள் பெருகியது. கடைசியில் அங்கங்கே வெள்ளையும் தலைகாட்டியது.

முறையீடு உண்டு

இந்த ஏற்பாட்டில் கவனிக்க வேண்டிய விஷயங்கள் சில உண்டு.

முதலாவது, மேற்பார்வையாளர் வைத்ததே முடிவு அல்ல. தனக்கு அநியாயமாகக் கறுப்பு விழுந்துவிட்டது என்று நினைப்பவர், புத்தகத்தில் ஏறுவதற்கு முன்பே முறையிடலாம். முதலாளி ஓவனிடமே நேராகப் போய்ச் சொல்லலாம்.

இரண்டாவது, கட்டை தொழிலாளிக்கு மட்டும் அல்ல. மேற்பார்வையாளர்களுக்கும் உண்டு. பிறருக்கு நிறம் வைப்பவருக்கும் அவருக்கு மேல் உள்ளவர் நிறம் வைத்தார்.

மூன்றாவது, கட்டை திரும்பக்கூடியது. இன்று கறுப்பு என்றால் நாளையும் கறுப்பாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஒழுங்காக ஒரு நாள் வேலை செய்தால் போதும். கட்டை திரும்பிவிடும்.

இதில் குறை இல்லையா? இருந்தது. எது நல்ல வேலை என்று தீர்மானித்தது முதலாளி பக்கம்தான். தொழிலாளியைக் கேட்டு அது முடிவு செய்யப்படவில்லை. எல்லோர் கண்ணிலும் படும்படி கறுப்பு தொங்குவது சிலருக்கு மனவேதனை அளித்திருக்கத்தான் வேண்டும்.

வீடுகள் விஷயத்தில் ஓவனுக்கே ஒரு பாடம் கிடைத்தது. வீடுகள் சுத்தமாக இருக்கின்றனவா என்று வாரந்தோறும் பார்த்து வர ஒரு கமிட்டி அமைத்தார். பெண்களுக்குக் கோபம் வந்துவிட்டது. மூட்டைப்பூச்சி தேடுகிறவர்கள் வருகிறார்கள் என்று கேலி செய்து கதவைச் சாத்தினார்கள். ஓவன் பலவந்தம் செய்யவில்லை. விருப்பத்தோடு கதவு திறக்கும் வீட்டுக்கு மட்டும் போங்கள் என்றார். அந்த வீட்டுப் பெண்களுடன் அவர் மனைவி சிநேகமானார். அவர்களுக்குப் பூந்தொட்டிகள் கொடுத்தார். நாளடைவில் மற்றக் கதவுகளும் திறந்தன.

ஏலத்தில் வந்த வெற்றி

ஓவனுடைய கூட்டாளிகளுக்கு இதெல்லாம் வீண் செலவாகத் தோன்றியது. பள்ளிக்கூடம் எதற்கு, மலிவுக் கடை எதற்கு என்று முணுமுணுத்தார்கள். கடைசியில் ஆலையை ஏலம் போட்டு விற்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். ஓவனை விரட்டிவிட்டுக் குறைந்த விலைக்குத் தாங்களே எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் எண்ணம்.

1813-ம் ஆண்டு கிளாஸ்கோ நகரத்தில் ஏலம் நடந்தது. ஓவன் ரகசியமாகப் புதிய கூட்டாளிகளைச் சேர்த்திருந்தார். சட்ட மேதை ஜெரமி பெந்தாம் அவர்களில் ஒருவர். கொடை வள்ளல் வில்லியம் ஆலன் இன்னொருவர். தங்கள் பணத்துக்கு நூற்றுக்கு ஐந்து வட்டி போதும், மீதி லாபம் தொழிலாளர் நன்மைக்கே போகட்டும் என்று அவர்கள் சம்மதித்திருந்தார்கள்.

ஏலம் ஏறியது. எதிர்க் கட்சி 1,14,000 பவுன் வரை வந்தது. ஓவன் பக்கம் இன்னும் 100 பவுன் ஏற்றிக் கேட்டார்கள். எதிர்க் கட்சி நின்றுவிட்டது. ஆலை ஓவனுக்கே வந்தது.

செய்தி கேட்டதும் நியூ லானார்க் ஜன்னல்களில் எல்லாம் விளக்கு ஏற்றினார்கள். ஓவன் வண்டியில் வந்தபோது ஜனங்கள் ஓடி வந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டார்கள். தாங்களே வண்டியை இழுக்கத் தொடங்கினார்கள். மனிதர்கள் மிருகம் செய்யும் வேலையைச் செய்யக்கூடாது என்று ஓவன் தடுத்துப் பார்த்தார். அவர்கள் கேட்கவில்லை.

கட்டையில் நிறம் வைத்த முதலாளிக்குத் தொழிலாளர்கள் தங்கள் தீர்ப்பை அன்று சொல்லிவிட்டார்கள்.

பரிசும் இல்லை, அடியும் இல்லை

1816-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதி ஓவன் தம் கிராமத்தில் ஒரு பெரிய கல்விக்கூடத்தைத் திறந்தார். நடக்கத் தெரிந்த குழந்தைகள் முதல் சேரலாம். பிரிட்டனில் ஏற்பட்ட முதல் குழந்தைப் பள்ளி இதுதான் என்று சொல்வார்கள்.

ஆசிரியர்களாக அவர் யாரைத் தேர்ந்தெடுத்தார்? ஒருவர் ஜேம்ஸ் புக்கானன். சாதாரண நெசவாளி. அதிகம் படிக்காதவர். இன்னொருவர் மாலி யங் என்ற பதினேழு வயதுப் பெண், ஆலையில் வேலை செய்தவள். இருவருக்கும் குழந்தைகளிடம் பிரியம் இருந்தது. பொறுமை இருந்தது. ஓவனுக்கு அது போதும்.

அவர் போட்ட நிபந்தனைகள் இவை. எந்தக் குழந்தையையும் அடிக்கக் கூடாது. மிரட்டக் கூடாது. கெட்ட வார்த்தை பேசக் கூடாது. எப்போதும் சிரித்த முகத்தோடு இன்சொல் பேச வேண்டும். குழந்தைகள் ஒருவரை ஒருவர் சந்தோஷப்படுத்தப் பழக வேண்டும்.

சுவரில் மிருகங்களின் படங்களும் தேசப் படங்களும் தொங்கின. பாட்டும் நடனமும் உண்டு. ஆனால் முதல் பரிசு, இரண்டாம் பரிசு கிடையாது. தண்டனையும் கிடையாது. நன்றாகச் செய்ததனால் வரும் சந்தோஷமே குழந்தைக்குப் பரிசு என்பது ஓவன் கொள்கை. பந்தயத்தில் தோற்று முகம் வாடிய அண்ணனை அவர் மறக்கவில்லை போலும்.

அவர் ஒன்றை உறுதியாக நம்பினார். மனிதனுடைய குணம் அவன் வளரும் சூழ்நிலையால் உண்டாகிறது. ஆகையால் கெட்டுப்போனவனைத் திட்டுவதைவிட, அவனைக் கெடுத்த நிலைமையை மாற்றுவதே நியாயம்.

அந்த ஆண்டில் ஆலையின் வேலை நேரத்தையும் பத்தே முக்கால் மணியாகக் குறைத்தார். மற்ற ஆலைகளில் பதின்மூன்று, பதினான்கு மணி வேலை வாங்கிய காலம் அது. ஓவன் ஆலை நஷ்டப்பட்டதா? இல்லை. நல்ல லாபத்தில் நடந்தது. பத்து ஆண்டுகளில் சுமார் 20,000 பேர் அந்தக் கிராமத்தைப் பார்க்க வந்தார்கள். பின்னால் ரஷ்யச் சக்கரவர்த்தியான நிக்கலஸும் அவர்களில் ஒருவர்.

குழந்தைத் தொழிலாளர்களைக் காக்கச் சட்டம் வேண்டும் என்று ஓவன் பார்லிமெண்டு மெம்பர்களிடம் நடையாக நடந்தார். 1819-ல் ஒரு சட்டம் வந்தது. பருத்தி ஆலைகளில் ஒன்பது வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. ஓவன் கேட்டது பத்து வயது. கிடைத்தது ஒன்பது. அதைச் சரிவர அமல் நடத்தவும் ஆள் இல்லை. அவருக்குப் பெரிய ஏமாற்றம். என்றாலும் ஒரு கதவு திறந்தது.

பிரம்பு திரும்பி வந்தது

புக்கானன் பிறகு லண்டனுக்குப் போய் அங்கே ஒரு குழந்தைப் பள்ளியை நடத்தினார். ஓவன் ஆவலோடு அதைப் பார்க்கப் போனார். உள்ளே நுழைந்தவர் திகைத்து நின்றார். புக்கானனின் மனைவி சவுக்கைக் காட்டிக் குழந்தைகளை மிரட்டிக்கொண்டிருந்தார்! ஓவனைக் கண்டதும் அதை மறைக்கப் பார்த்தார். தம் வாழ்க்கை வரலாற்றில் ஓவன் இதை வருத்தத்தோடு எழுதியிருக்கிறார்.

படமும் பாட்டும் லண்டன் வரை போய்ச் சேர்ந்தன. பொறுமை மட்டும் வழியில் தங்கிவிட்டது.

ஓவனுக்கும் தோல்விகள் வந்தன. 1825-ம் ஆண்டு அமெரிக்காவில் நியூ ஹார்மனி என்ற கிராமத்தை விலைக்கு வாங்கினார். எல்லோரும் சமமாக உழைத்துச் சமமாக வாழும் ஊராக அதை ஆக்க விரும்பினார். நூற்றுக்கணக்கானவர்கள் வந்து குவிந்தார்கள். யார் உழைக்கிறார், யார் உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்ற சச்சரவு ஓயவில்லை. ஓவனும் அங்கே நிலையாகத் தங்கவில்லை. நியூ லானார்க்கில் ஆறு வாரம் என்ன, பல வருஷம் பக்கத்தில் இருந்து ஜனங்களை அறிந்தவர், இங்கே அப்படி இருக்க முடியாமல் போயிற்று. இரண்டு வருஷத்துக்குள் திட்டம் முறிந்தது. அவருடைய செல்வத்தில் பெரும் பகுதி அதோடு போய்விட்டது.

1832-ல் லண்டனில் உழைப்புப் பரிவர்த்தனைக் கூடம் ஒன்றைத் தொடங்கினார். தொழிலாளி தான் செய்த பொருளைக் கொண்டுவந்து கொடுப்பான். அதைச் செய்ய எத்தனை மணி நேரம் ஆகும் என்று மதிப்பிட்டு அவனுக்கு மணிச் சீட்டு கொடுப்பார்கள். அந்தச் சீட்டுக்கு அவன் வேறு பொருள் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் மதிப்பிடுவது எளிதாக இல்லை. விலை போகாத சாமான்கள் மூலையில் குவிந்தன. தேவையான சாமான்கள் கிடைக்கவில்லை. 1834-ல் அந்தக் கூடம் மூடப்பட்டது.

ஆனாலும் அவர் விதைத்த விதை வீண் போகவில்லை. 1844-ல் ராச்டேல் என்ற ஊரில் சில நெசவாளிகளும் தொழிலாளிகளும் சேர்ந்து ஒரு கூட்டுறவுக் கடை திறந்தார்கள். அவர்களில் பலர் ஓவன் கொள்கையில் பற்றுடையவர்கள். உலகம் முழுவதும் பரவிய கூட்டுறவு இயக்கத்துக்கு அந்தக் கடை வழிகாட்டி ஆயிற்று.

பிறந்த ஊரிலேயே

வயது எண்பதைத் தாண்டிய பிறகும் ஓவன் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். கடைசியில் உடம்பு தளர்ந்தது. பிறந்த ஊருக்குப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டார். நியூடவுனுக்குப் போனார். 1858-ம் ஆண்டு நவம்பர் 17-ந் தேதி அங்கேயே காலமானார். வயது 87. பெற்றோர் சமாதிக்கு அருகிலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

நியூ லானார்க் ஆலை 1968 வரை ஓடியது. 2001-ல் யுனெஸ்கோ அந்தக் கிராமத்தை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது.

வீட்டிலும் கடையிலும் வயலிலும் நாம் தினமும் பிறர் வேலையை எடை போடுகிறோம். மருமகள் வைத்த குழம்பு முதல் மகன் வாங்கி வந்த மார்க்கு வரை நம் தீர்ப்புக்குத் தப்புவதில்லை. அதில் தவறு ஒன்றும் இல்லை. நன்று எது, தீது எது என்று யாராவது சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் ஓவன் முதலில் அந்த வேலையைத் தெரிந்துகொண்டார். கஷ்ட காலத்தில் கூடவே நின்றார். எதிர்த்துச் சொல்ல இடம் கொடுத்தார். கட்டை மறுநாள் திரும்பலாம் என்று வைத்தார். இத்தனையும் இல்லாமல் வெறும் கறுப்பு நிறத்தை மட்டும் காட்டியிருந்தால், அந்தக் கட்டையும் இன்னொரு சவுக்காகவே ஆகியிருக்கும்.

அடுத்த தடவை பிள்ளை மார்க்குச் சீட்டை நீட்டும்போது, அவன் சொல்லுவதையும் ஒரு நிமிஷம் கேளுங்கள். நாளைக்குக் கட்டை திரும்பும் என்று அவனுக்குத் தெரியட்டும்.